அஸ்பராகஸ் நார் நாரா வருதா, குழஞ்சு போச்சா, கசக்குதா? எதுக்கு என்ன பாக்கணும்

ஓசூர்ல இருந்து பெங்களூர் பக்கம் வேலைக்கு போயிட்டு வர்றவங்க இருக்கற வீட்டுல எல்லாம் இப்ப அஸ்பராகஸ் (குச்சி குச்சியா நீளமா இருக்கற பச்சை தண்டு, நுனில மொட்டு மாதிரி தலை) கட்டு ஒன்னு அப்பப்ப வந்துடுது. டயட்டுன்னு ஒருத்தர் வாங்குவாங்க, ஆஃபர்னு ஒருத்தர் வாங்குவாங்க, வாங்குனவங்க டேபிள் மேல போட்டுட்டு தூங்க போயிடுவாங்க, மறுநாள் சமைக்கறவங்க எனக்கு போன் பண்ணுவாங்க. சொந்தக்காரங்க, பக்கத்து வீடு, அபார்ட்மென்ட் வாட்ஸப் குரூப்புன்னு எங்க இருந்து கேட்டாலும் சுத்தி சுத்தி அதே கேள்வி தான். அதனால ஒரே எடத்துல எழுதி வெச்சுடறேன், உங்க பிரச்சினை எந்த தலைப்புல இருக்கோ அத மட்டும் படிச்சா போதும்.

ஒன்னே ஒன்னு முன்னாடியே சொல்லிடறேன். இந்த காய் அடுப்புல இருக்கறதே அஞ்சு நிமிஷம் தான், அதுக்குள்ள நீங்க பெருசா எதையும் கெடுத்துட முடியாது, கெட்டு போறதுல முக்காவாசி கடையிலயும் ஃப்ரிட்ஜுலயும் நடக்குது. அதனால எந்த தலைப்புக்கு போனாலும் மொதல்ல காய பாருங்க, அப்புறம் வெச்ச எடத்த பாருங்க, சமையல அதுக்கப்புறம் திட்டலாம். ஆள கூப்பிடறது, காசு செலவு பண்றது எல்லாம் கடைசி.

## மென்னா நார் நாரா வருது, முழுங்க முடியல

அதிகமா வர்ற புகார் இதுதான். முருங்கைக்காய் மாதிரி உறிஞ்சிட்டு சக்கைய தட்டு ஓரத்துல வெக்க வேண்டியிருக்குன்னு சொல்வாங்க, கூடவே "இன்னும் ரெண்டு விசில் விடட்டுமா அக்கா"ன்னு கேப்பாங்க. வேண்டாம். முத்துன நார் எத்தனை விசில் விட்டாலும் வேகாது, சுத்தி இருக்கற சதை தான் கரையும், நார் அப்படியே நிக்கும்.

நார் எந்த எடத்துல இருக்குன்னு ஒரு தண்ட கையில எடுத்து பாருங்க. அதுக்கு தகுந்த மாதிரி வழி மாறும்.

### அடியில மட்டும் நார், மேல பாகம் நல்லா இருக்கு

அடிய சரியா வெட்டல, அவ்வளவு தான். நெறைய வீடியோல ரெண்டு கையாலயும் பிடிச்சு வளைங்க, எங்க உடையுதோ அதுக்கு மேல எளசுன்னு காட்டறாங்க. எனக்கு அதுல நம்பிக்கை இல்ல, நீங்க எங்க கைய வெக்கறீங்களோ அதுக்கு தகுந்த எடத்துல தான் அது உடையும், பாதி தண்டு குப்பைக்கு போகும், இந்த வெலைக்கு அது வயித்தெரிச்சல்.

அதுக்கு பதிலா பலகைல படுக்க வெச்சு அடியில இருந்து வெட்டிக்கிட்டே வாங்க. மொத வெட்டுல கத்தி கரகரன்னு தடுக்கும். ஒரு விரக்கடை தள்ளி அடுத்த வெட்டு போடுங்க. கத்தி எந்த எடத்துல தடுக்காம சர்ருன்னு எறங்குதோ அங்க நிறுத்திக்கலாம். வெட்டுன வட்டத்த வெளிச்சத்துல பாருங்க, ஓரமா வெள்ள வெள்ளயா புள்ளி தெரிஞ்சு நடுவுல வறண்டு இருந்தா இன்னும் கொஞ்சம் மேல ஏறணும், வட்டம் முழுக்க பச்சையா ஈரமா இருந்தா போதும். சாதாரணமா 3 இல்ல 4 சென்டிமீட்டர் போகும். ஒரே கட்டுலயே தண்டுக்கு தண்டு வித்தியாசம் இருக்கும், அதனால மொத்தமா அடுக்கி ஒரே வெட்டா வெட்டாதீங்க.

வெட்டுன அடிய தூக்கி போட வேண்டாம். தண்ணில போட்டு 20 நிமிஷம் கொதிக்க விட்டு வடிகட்டுனா சூப்புக்கோ ரசத்துக்கோ ஆகும். இதுல நம்ம ஜில்லாக்காரங்க ஒரு விஷயம் கவனிக்கணும், தருமபுரி கிருஷ்ணகிரி ரெண்டு பக்கமும் நெறைய போர் தண்ணில ஃப்ளோரைடு அதிகம், அது கொதிக்க வெச்சா போகாது, தண்ணி சுண்ட சுண்ட அளவு ஏறத்தான் செய்யும். குடிக்கற சூப்புக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் தண்ணியோ ஆர்ஓ தண்ணியோ ஊத்துங்க.

### உள்ள மெத்துன்னு இருக்கு, தோல் மட்டும் வாயில மாட்டுது

பீலர் எடுங்க. சுண்டு விரல் தடிமனுக்கு மேல இருக்கற தண்டுக்கு கீழ்ப்பாதி தோல சீவிடணும். கையில தூக்கி பிடிச்சுக்கிட்டு சீவுனா பட்டுன்னு உடஞ்சிடும், பலகைல படுக்க வெச்சு நடுவுல இருந்து அடிய பாத்து லேசா இழுங்க, உருட்டி உருட்டி நாலஞ்சு இழுப்பு. பென்சில விட மெல்லிசா இருந்தா சீவ முடியாது, சீவுனா உள்ள ஒன்னும் மிஞ்சாது.

வெள்ளை அஸ்பராகஸ் வாங்கிட்டு வந்திருந்தா கதை வேற. அது வெயில் படாம மண்ணால மூடி வளத்தது, தோல் கெட்டியா இருக்கும், தலைக்கு கீழ இருந்து அடி வரைக்கும் முழுசா சீவித்தான் ஆகணும், வேகறதுக்கும் பச்சைய விட அதிக நேரம் பிடிக்கும்.

### தலையில இருந்து அடி வரைக்கும் நார்

இது ஒன்னா பழசு, இல்ல வீட்டுல வெச்ச எடம் தப்பு. வெட்டி வந்ததுக்கு அப்புறமும் இந்த தண்டுக்கு உசுரு போறதில்ல, காய்கறிலயே வேகமா மூச்சு விடற வகை இது, உள்ள இருக்கற சர்க்கரைய தின்னுக்கிட்டே நார அதிகமாக்கிட்டு போகும். வெளிய வெச்சா ஒரு நாள்லயே வித்தியாசம் தெரியும்.

வீட்டுல பாக்க வேண்டியது: பக்கத்துல என்ன பழம் இருந்துச்சு? கிருஷ்ணகிரி பக்கம் மே, ஜூன் மாசத்துல எந்த வீட்டுல தான் மாம்பழம் இல்ல, செந்தூராவும் பெங்களூராவும் பெட்டி பெட்டியா கெடக்கும், அந்த ரூம்லயோ அதே ஃப்ரிட்ஜ் தட்டுலயோ அஸ்பராகஸ் இருந்தா பழத்துல இருந்து வர்ற எத்திலீன் காத்து பட்டு சீக்கிரம் முத்திடும். வாழப்பழம், ஆப்பிள், பழுத்த தக்காளிக்கும் இதே தான். வேற தட்டுல வைங்க, மாம்பழ சீசன்ல வாங்குன அன்னிக்கே சமைச்சிடறது இன்னும் நல்லது.

பழமும் இல்ல, வாங்குன அன்னிக்கே சமைச்சும் நார்னா கடைய தான் மாத்தணும். அன்னிக்கு கையில இருக்கறத என்ன பண்றதுன்னா, வேக வெச்சு மிக்ஸில அடிச்சு கண்ணு சின்ன வடிகட்டில வடிச்சு சூப் பண்ணிடுங்க. பொரியலுக்கு அது ஆகாது.

### "மெல்லிசா பாத்து தானே வாங்குனேன், அப்பவும் நாரா?"

வெண்டைக்காய், பீன்ஸ் பாத்து பழகுன கண்ணுக்கு மெல்லிசுனா எளசு. இதுல அந்த கணக்கு செல்லாது. தண்டு தடிமனா வர்றதும் மெல்லிசா வர்றதும் செடியோட வயசு, ரகம், அடி வேர் பலம் இத பொறுத்தது, முத்துனதுக்கும் தடிமனுக்கும் சம்பந்தம் இல்ல. மெல்லிசுல சதைய விட தோல் பங்கு அதிகம், அதனாலயே நார் கூடுதலா தெரியும். நான் எப்பவும் நடுத்தரத்துக்கு கொஞ்சம் தடிமனா இருக்கறத தான் எடுப்பேன்.

கடையில பாக்க வேண்டியது தடிமன் இல்ல, தலையும் அடியும். தலை இறுக்கமா மூடி இருக்கணும், செதில் விரிஞ்சு பூ எடுக்கற மாதிரி இருந்தா பழசு. அடி வெட்டு ஈரமா இருக்கணும், காஞ்சு சுருங்கி வெடிச்சிருந்தா வேண்டாம். தண்டுல நீளவாட்டுல வரி வரியா சுருக்கம் விழுந்திருந்தா தண்ணி வத்திடுச்சுன்னு அர்த்தம். ரெண்டு தண்ட ஒன்னோட ஒன்னு தேச்சா புதுசு கீச்சுன்னு சத்தம் போடும். அப்புறம் ரப்பர் பேண்ட் போட்ட எடத்த விலக்கி கட்டுக்கு நடுவுல பாருங்க, வெளிய அழகா இருக்கும், உள்ள ரெண்டு தண்டு வழவழன்னு ஆயிருக்கும்.

## தலை வழவழங்குது, நாத்தம் வருது

ஒன்னு ரெண்டு தண்டுல தலை மட்டும் கறுத்து பிசுபிசுன்னா அத மட்டும் கழிச்சுட்டு மிச்சத்த கழுவி உடனே சமைங்க. கட்டு முழுக்க அப்படின்னா, அழுகுன நாத்தமும் வந்தா, மொத்தமா கொட்டிடுங்க. மசாலா போட்டா மறஞ்சிடும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க.

காரணம் பெரும்பாலும் ஈரம் தப்பான எடத்துல இருக்கறது. கழுவிட்டு அப்படியே பிளாஸ்டிக் கவர்ல கட்டி வெச்சா தலை அழுகும். இதுக்கு அடியில தான் தண்ணி வேணும், தலையில கூடாது. வாங்கிட்டு வந்ததும் ரப்பர் பேண்ட கழட்டி, அடிய ஒரு சென்டிமீட்டர் வெட்டி, டம்ளர்ல ரெண்டு மூனு சென்டிமீட்டர் தண்ணி ஊத்தி நிமித்தி வைங்க. மேல ஒரு கவர தளர்வா கவுத்து ஃப்ரிட்ஜுல வெச்சுட்டு தண்ணிய தினம் மாத்துனா மூனு நாலு நாள் நல்லா இருக்கும். ஃப்ரிட்ஜுல உயரம் இல்லேன்னா ஈரத்துணில அடிப்பாகத்த சுத்தி காய்கறி டப்பால வைங்க. சமைக்கறப்ப தான் கழுவணும்.

## தண்டு துவண்டு தொங்குது, இல்ல தலை ஒரு பக்கமா வளஞ்சிருக்கு

துவண்டது தாகம். அடிய வெட்டி அர மணி நேரம் சில்லு தண்ணில நிக்க வைங்க, அநேகமா நிமிந்துக்கும். நிமிரலேன்னா சூப்.

வளஞ்சிருக்கறது கெட்டதுக்கு அறிகுறி இல்ல. படுக்க போட்டா இது மேல பாத்து வளரப் பாக்கும், வெட்டுன அப்புறமும். அதனால தான் நல்ல சரக்கு நிமித்தி வெச்ச பெட்டில வருது. தாராளமா சமைக்கலாம், ஆனா கடையில கட்டு முழுக்க வளஞ்சிருந்தா நெறைய நேரம் குளிர் இல்லாம கெடந்திருக்குன்னு புரிஞ்சுக்கங்க.

## நேத்து நல்லா இருந்துச்சு, இன்னிக்கு தலை கரும்பச்சையா ஈரம் ஊறி, தொட்டா நசுங்குது

வழவழப்பு இல்ல, நாத்தமும் இல்ல, ஆனா அமுக்குனா தண்ணி வருது. இது உறைஞ்சு எளகுனது. காய குத்தம் சொல்லாதீங்க, ஃப்ரிட்ஜ பாருங்க. வரிசையா இப்படி போங்க:

ஃப்ரிட்ஜ் பின்சுவத்த ஒட்டி வெச்சீங்களா? ஃப்ரீசருக்கு நேர் கீழ குளிர் காத்து வர்ற ஓட்ட முன்னாடி வெச்சீங்களா? அங்கயே வெச்சா கொத்தமல்லி கூட கறுத்து போகும். டம்ளர முன்பக்கம் இழுத்து வைங்க.

எடம் மாத்தியும் அப்படின்னா ஒரு கிண்ணத்துல தண்ணி ஊத்தி அதே தட்டுல ராத்திரி வெச்சு பாருங்க. காலைல மேல ஐஸ் படிஞ்சிருந்தா குளிர் அதிகம். உள்ள இருக்கற டயல ரெண்டு எண் கொறச்சு மறுபடி ஒரு ராத்திரி பாருங்க. இந்த காய்க்கு 2ல இருந்து 4 டிகிரி போதும். ஓசூர்ல டிசம்பர் ஜனவரி குளிருக்கு வெயில் காலத்து செட்டிங்லயே விட்டுடற வீடு நெறைய.

தண்ணி உறையல, ஆனா உள்ள ஒரு பக்கம் ஐஸும் ஒரு பக்கம் வெதுவெதுப்புமா இருந்தா கதவு ரப்பர பாருங்க. பத்து ரூபா நோட்டு ஒன்ன கதவுல வெச்சு மூடி இழுங்க, தடுக்காம வந்துட்டா அந்த எடத்துல ரப்பர் பிடிக்கல. சோப்பு தண்ணில தொடச்சு அழுக்க எடுத்தாலே பாதி சரியாகும்.

டயல கொறச்சும் உறையுது, இல்ல தொடச்சும் ரப்பர் பிடிக்கல, இல்ல மோட்டார் நிக்காம ஓடிக்கிட்டே இருக்குன்னா மெக்கானிக்க கூப்பிடுங்க. தெர்மோஸ்டாட், சென்சார், கேஸ் இதெல்லாம் நம்ம கைய வெக்கற எடம் இல்ல. வந்ததும் "கேஸ் போச்சு"ன்னு ஆரம்பிச்சா கிண்ணத்துல உறைஞ்ச தண்ணிய காட்டுங்க, கேஸ் முழுசா போன ஃப்ரிட்ஜ் எப்படி ஐஸ் கட்டும்னு கேளுங்க.

## பளிச்சுன்னு இருந்த பச்சை காக்கி கலர் ஆயிடுச்சு

சுலபமானதுல இருந்து:

புளிப்பு முன்னாடியே போச்சா? எலுமிச்சம்பழம், தக்காளி, புளி, தயிர் எதுவா இருந்தாலும் வேகறப்ப சேத்தா பச்சை செத்துடும். எறக்குன அப்புறம், அதுவும் தட்டுல போட்டு சாப்பிடற நேரத்துல பிழியுங்க.

மூடி போட்டீங்களா? மூடாதீங்க. காய்ல இருந்தே கொஞ்சம் புளிப்பு ஆவியா வெளிய போகும், மூடி வெச்சா அது மறுபடி காய் மேலயே விழும்.

ஏழு நிமிஷத்துக்கு மேல அடுப்புல இருந்துச்சா? அப்ப கலர் போகத்தான் செய்யும்.

அடுப்புல நல்லா தான் இருந்துச்சு, ஆஃபீஸ்ல டப்பா தொறந்தா காக்கின்னா, சுட சுட டப்பால அடச்சு மூடியிருக்கீங்க. எனக்கு வர்ற போன்ல பாதி இதுதான். காலைல அஞ்சரைக்கு சமைச்சு ஆறு மணி பஸ்சுக்கு டப்பா கட்டறவங்களுக்கு ஆற வெக்க நேரம் எங்க இருக்கு. அதனால வதக்கறதுக்கு பதிலா கொதி தண்ணில போட்டு எடுத்து உடனே ஐஸ் தண்ணில ரெண்டு நிமிஷம் போட்டு வடிச்சு தொடச்சு வைங்க, தாளிப்ப மட்டும் தனியா ஊத்துங்க. சாயங்காலம் வரைக்கும் பச்சையா நிக்கும்.

காக்கி இல்ல, கறுப்பு அடிக்குதுன்னா இரும்பு வாணல். அதுல எலுமிச்சம்பழமும் சேந்தா இன்னும் மோசம். எவர்சில்வரோ நான்ஸ்டிக்கோ எடுங்க.

ஊதா கலர்ல வாங்குனது பச்சையா மாறிடுச்சேன்னு கேட்டா, அது அப்படித்தான், சூட்டுல ஊதா போயிடும். கலருக்காக கூட காசு குடுத்து வாங்காதீங்க.

சோடா உப்பு போட்டா பச்சை நிக்கும்னு பெரியவங்க சொல்வாங்க, உண்மை தான், ஆனா தண்டு கொழகொழன்னு ஆயிடும். வேண்டாம்.

## தலை கரஞ்சு போச்சு, அடி இன்னும் கடக்குன்னு இருக்கு

தலையும் தண்டும் ஒரே நேரத்துல போனா இப்படித்தான். ரெண்டு வழி இருக்கு. முழுசா வேணும்னா உயரமான பாத்திரத்துல தண்டு மட்டும் தண்ணில, தலை வெளிய நிக்கற மாதிரி வைங்க, ஆவில தலை வெந்துக்கும். பொரியல்னா தலைய தனியா வெட்டி எடுத்து வெச்சுட்டு தண்ட சாய்வா ரெண்டு சென்டிமீட்டருக்கு நறுக்கி மொதல்ல போடுங்க, ரெண்டு நிமிஷம் கழிச்சு தலை.

கொதி தண்ணில போடறதுன்னா மெல்லிசுக்கு ரெண்டு நிமிஷம், சுண்டு விரல் தடிமனுக்கு மூனு, அதுக்கும் மேல நாலு. வெளிநாட்டு வீடியோல சொல்ற நேரம் நமக்கு கொஞ்சம் பத்தாம போகலாம், ஓசூர் கடல் மட்டத்துல இருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் மேல இருக்கு, இங்க தண்ணி 97 டிகிரி பக்கத்துலயே கொதிச்சிடும், அர நிமிஷம் கூட்டிக்கங்க. கத்தி நுனிய தண்டு நடுவுல குத்தி பாருங்க, லேசா தடுத்து எறங்கணும். தடுப்பே இல்லாம எறங்குச்சுன்னா லேட்டு.

நேரம் சரி, தோல் சீவியாச்சு, அப்பவும் வெறப்பாவே நிக்குதுன்னா தண்ணிய மாத்தி பாருங்க. உப்பு ஏறுன போர் தண்ணில துவரம்பருப்பு வேகாம நிக்கறது நம்ம ஊர்ல யாருக்கும் தெரியாதது இல்லியே, காய்க்கும் அது கொஞ்சம் உண்டு.

## வாணல்ல தண்ணி விட்டு நிக்குது, வதங்கவே மாட்டேங்குது

கழுவிட்டு துணில தொடைச்சீங்களா? இல்லேன்னா அது தான் காரணம், மேல படிக்க வேண்டாம்.

தொடைச்சீங்கன்னா, உப்ப எப்ப போட்டீங்க? எறக்கறதுக்கு அர நிமிஷம் முன்னாடி போடணும்.

அதுவும் சரின்னா வாணல் நெறஞ்சு கெடந்துச்சா பாருங்க. ஒரு அடுக்குக்கு மேல போட்டா வதங்காது, வேகும். ஒரு கட்டு 250 கிராமுக்கு அகலமான வாணல் வேணும், இல்ல ரெண்டு தடவையா போடணும். எண்ணெய் ரெண்டு ஸ்பூன் நல்லா காயணும், கடுகு, உளுத்தம்பருப்பு, காஞ்ச மிளகா, கறிவேப்பிலை, தண்டு, அப்புறம் தலை, பெரிய தீ, மொத்தம் நாலஞ்சு நிமிஷம், எறக்குனதும் தேங்காய் துருவல். வெங்காயம் போடறவங்க மொதல்லயே வதக்கி தனியா எடுத்துக்கங்க. இத ரசம் சாதத்துக்கு தொட்டுக்கலாம், களிக்கு மட்டும் வேண்டாம், களிக்கு கீரை கடைசல் இருக்கறப்ப இத ஏன் கஷ்டப்படுத்தணும்.

எல்லாம் சரி, தீ தான் ஏறலேன்னா பர்னர பாருங்க. தீ மஞ்சளா நாக்கு நீட்டுது, பாத்திரத்து அடி கறுக்குதுன்னா பர்னர் ஓட்டைல அழுக்கு. ஆறுன அப்புறம் கழட்டி ஊசில குத்தி சோப்பு தண்ணில கழுவி நல்லா காய வெச்சு மாட்டுங்க. அப்பவும் மஞ்சள்னா ஜெட்டு, டியூப்பு, ரெகுலேட்டர்ல ஏதோ இருக்கு, கேஸ் ஏஜென்சி ஆள கூப்பிடுங்க, நீங்க ஜெட்ட நோண்டாதீங்க. கேஸ் வாசனையே வந்தா சமையல விடுங்க, ரெகுலேட்டர மூடி, சன்னல தொறந்து, சுவிட்ச் எதையும் தொடாம வெளிய வந்து 1906க்கு போன் பண்ணுங்க.

## வாயில மண்ணு நறநறங்குது

தண்டுல முக்கோணமா ஒட்டிக்கிட்டு இருக்கே சின்ன சின்ன செதில், மண்ணு அதுக்கடியில தான் ஒளிஞ்சிருக்கும், குழாய்க்கடியில காட்டுனா போகாது. தலைகீழா உயரமான சொம்புல அஞ்சு நிமிஷம் ஊற விட்டு ஆட்டி எடுங்க. கீழ இருக்கற செதில கத்தி முனையால கிள்ளி எடுத்துட்டா இன்னும் சுத்தம்.

## கசக்குது

லேசா ஒரு கசப்பு இந்த காயோட கூடப்பிறந்தது. பாகக்காய் சாப்பிடற வீட்டுக்கு அது கசப்பே இல்ல. அதுக்கு மேல கசந்தா மொதல்ல பூண்டு கருகிடுச்சான்னு பாருங்க, நெறைய தடவ கசப்பு பூண்டுல இருந்து தான் வருது, பூண்ட கடைசில போடுங்க. அடுத்தது அடி பாகமும் தோலும், சீவிட்டா கொறையும். கொதி தண்ணில உப்பு போட்டு ஒரு நிமிஷம் முக்கி எடுத்துட்டு வதக்குனா இன்னும் கொறையும். தேங்காய் கொஞ்சம் தாராளமா போடுங்க. இதுக்கு மேலயும் கசந்தா காய் பழசு.

## சாப்பிட்ட அப்புறம் யூரின்ல ஒரு மாதிரி நாத்தம்

பயந்து போய் ராத்திரி பதினோரு மணிக்கு கேப்பாங்க. பயப்பட ஒன்னும் இல்ல. இதுல இருக்கற அஸ்பராகசிக் ஆசிட் ஒடம்புல ஒடஞ்சு கந்தக வாசனை உள்ள சமாச்சாரமா மாறி வெளிய போகுது, சாப்பிட்டு அர மணி நேரத்துக்குள்ளயே கூட வரும். சிலருக்கு வராது, சிலருக்கு வந்தாலும் அவங்க மூக்குக்கு தெரியாது, அதனால வீட்டுல ஒருத்தர் மட்டும் கத்திக்கிட்டு இருப்பாங்க, மத்தவங்க நம்ப மாட்டாங்க. அமெரிக்காவோட பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1781லயே இதப்பத்தி கிண்டலா எழுதி வெச்சிருக்காரு, புதுசு இல்ல.

டாக்டர்கிட்ட போக வேண்டியது எப்பன்னா: எரிச்சல், காய்ச்சல், ரத்தம் இதுல ஏதாவது இருந்தா, இல்ல அஸ்பராகஸ் நிறுத்தி ரெண்டு நாள் ஆகியும் நாத்தம் போகலேன்னா. அது வேற ஏதோ, காய் மேல பழி போட்டுட்டு உக்காந்திருக்க வேண்டாம்.

## கை அரிக்குது, வாய் ஊறல் எடுக்குது, இல்ல மாத்திர சாப்பிடறவங்க வீட்டுல இருக்காங்க

சீவறப்ப கை மட்டும் அரிச்சா கழுவிட்டு அடுத்த தடவ கையுறை போடுங்க, இல்ல வேற ஆள சீவ சொல்லுங்க. சாப்பிட்டு உதடு, நாக்கு வீங்குச்சு, மூச்சு இழுக்குதுன்னா அங்க நின்னு யோசிக்காதீங்க, உடனே 108.

ரத்தம் உறையாம இருக்க வார்ஃபரின், அசினோகூமரால் மாதிரி மாத்திர எடுக்கறவங்களுக்கு வைட்டமின் கே கணக்கு முக்கியம். இதுல 100 கிராமுக்கு 40 மைக்ரோகிராம் பக்கம் இருக்கு. நம்ம கீரைல இத விட பல மடங்கு இருக்கும், அதனால பயந்து ஒதுக்க தேவையில்ல, ஆனா திடீர்னு தினம் ஒரு கட்டு சாப்பிட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க. கிட்னி பிரச்சினைக்கு பத்தியம் இருக்கறவங்களும் அப்படியே.

## ஊறுகாய் போட்டேன், மூடி உப்பிக்கிச்சு

தொறந்து மோந்து பாக்காதீங்க, நக்கி பாக்கவே பாக்காதீங்க, பாட்டிலோட கவர்ல கட்டி போட்டுடுங்க. மாங்காய்க்கு இருக்கற புளிப்பு இதுக்கு கெடையாது. புளிப்பு இல்லாத காய எண்ணெய்ல மூழ்கடிச்சு வெளிய வெச்சா காத்து இல்லாத எடத்துல பொட்டுலிசம் விஷம் உண்டாகலாம், சில சமயம் மூடி உப்பாமலே, நாத்தம் வராமலே. மாங்காய் ஊறுகாய்ல கை தேறுன கிருஷ்ணகிரி வீடுகள்ல தான் இந்த தைரியம் வருது, அந்த கைப்பக்குவம் இங்க செல்லாது. போட்டே ஆகணும்னா வினிகர்ல போட்டு, ஃப்ரிட்ஜுல வெச்சு, ஒரு வாரத்துல முடிச்சிடுங்க. இத சாப்பிட்டவங்களுக்கு பார்வை ரெண்டா தெரியுது, முழுங்க முடியல, நாக்கு கொழறுதுன்னா அன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு போகணும், என்ன சாப்பிட்டாங்கன்னும் சொல்லணும்.

## அஸ்பராகஸ்னு வாங்குனேன், வந்தது வேற என்னமோ

பவுடரா வந்துச்சா, வெள்ளையா காஞ்ச வேரா வந்துச்சா? அது தண்ணீர்விட்டான் கிழங்கு, சதாவரின்னு விப்பாங்க, நாட்டு மருந்து கடையில ரொம்ப காலமா இருக்கற சரக்கு. ஒரே குடும்பம் தான், ஆனா அது மருந்து, பொரியல் பண்ற காய் இல்ல. எவ்வளவு எடுக்கணும்னு சித்த மருத்துவர கேட்டுக்கங்க, மாசமா இருக்கறவங்க கேக்காம எடுக்கவே வேண்டாம்.

இன்னொன்னு ஓசூர்ல மட்டும் கேக்கற கேள்வி. ரோஜா பொக்கேல பின்னாடி வெக்கற இறகு இறகான பச்ச தழைக்கும் பூக்கடைல அஸ்பராகஸ்னு தான் பேரு. அதோட குருத்த சமைக்கலாமான்னு கேக்கறாங்க. அது அலங்கார செடி, அதுக்கு அடிக்கற மருந்து சாப்பிடற காய்க்கு அடிக்கறது இல்ல, பழமும் திங்கக்கூடாது. வீட்டுத் தொட்டில வளத்தா சின்ன புள்ளைங்க, நாய் பூனை அதோட பழத்த வாயில வெக்காம பாத்துக்கங்க, வெச்சுடுச்சுன்னா புள்ளைங்கள டாக்டர்கிட்டயும், நாய் பூனைய கால்நடை ஆஸ்பத்திரிக்கும், செடில இருந்து ஒரு கிளைய ஒடிச்சு கையோட கொண்டு போங்க.